கால் வீக்கத்துக்கு எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? கிளம்புவதற்கு முன்னால் ஒரு நிமிஷம்

ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது. கெண்டைக்கால் இறுகி, தொட்டால் சுடுகிறது, நடந்தால் இழுத்துப் பிடிக்கிறது. நம்ம ஊர்ப்பக்கம் இதற்கு முதல் வைத்தியம் என்ன தெரியும்தானே? வீட்டில் ஒரு பெரியம்மா எண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து உட்கார்ந்துவிடுவார், "நரம்பு பெசகிருக்கும், நல்லா உருவிவிட்டா சரியாப் போயிரும்" என்று. உருவ விடாதீர்கள். உள்ளே ரத்தம் கட்டியிருந்தால், அழுத்தி உருவும்போது அந்தக் கட்டி பிய்ந்து ரத்தத்தோடு மேலே ஏறி, இதயத்தின் வலது பக்கம் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளலாம். அப்படி நிமிஷத்தில் உயிர் போனவர்களும் உண்டு.

நான் பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்ஆர்ஐ மெஷின் ஓட்டுகிறவன், டாக்டர் இல்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததில், நோயாளிகள் முன்கூட்டியே தெரிந்துகொண்டு வந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகும் என்று தோன்றுகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நாம் எல்லாவற்றையும் நரம்பு என்கிறோம். ஊசி போடுவது நரம்பில், காலில் சுருண்டு புடைப்பது நரம்பு, கை மரத்துப்போனாலும் நரம்பு. ரத்தம் கட்டுவது நரம்பில் இல்லை, சிரையில். அதாவது கெட்ட ரத்தத்தைத் திரும்ப இதயத்துக்குக் கொண்டுபோகிற குழாயில். அதிலும் தோலுக்கடியில் பச்சையாகத் தெரிகிற குழாய் இல்லை, தசைக்குள்ளே எலும்பை ஒட்டி ஓடுகிற ஆழ்சிரை. 'நரம்பு அடைப்பு' என்று யாரோ சொன்னதைக் கேட்டு நேராக நரம்பு டாக்டரிடம் டோக்கன் போட்டு இரண்டு நாள் காத்திருந்த ஒரு அண்ணாச்சியை எனக்குத் தெரியும். இதற்குப் பொது மருத்துவர் போதும், ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் கிடைத்தால் இன்னும் நல்லது. சீட்டில் டிவிடி என்று எழுதியிருப்பார்கள், படம் பார்க்கிற டிவிடி இல்லை, ஆழ்சிரை ரத்தக்கட்டுக்கு அவர்கள் வைத்திருக்கிற சுருக்கப் பெயர்.

எம்ஆர்ஐ முதல் ஸ்கேன் இல்லை

'பெரிய ஸ்கேனே எடுத்துருங்க, எதுக்கு ரெண்டு செலவு' என்று டாக்டரிடம் அடம்பிடிக்கிற ஆட்கள் நிறைய. அது தப்பு. காலில் ரத்தக்கட்டு இருக்கிறதா என்று பார்க்க முதலில் எடுக்க வேண்டியது டாப்ளர் ஸ்கேன்தான். ஜெல்லைத் தடவி, கருவியைத் தொடையிலும் முழங்காலுக்குப் பின்னாலும் வைத்து அழுத்திப் பார்ப்பார்கள். காற்றில்லாத சைக்கிள் டியூபை விரலால் அமுக்கினால் எப்படித் தட்டையாகும், அதுபோல நல்ல சிரை அமுக்கியதும் தட்டையாகிவிடும். உள்ளே கட்டி இருந்தால் அமுங்காது. அவ்வளவுதான் சூட்சுமம். பக்கத்திலேயே கணினி முன்னால் உட்கார்ந்து டாக்டர் சொல்லிவிடுவார், கதிர்வீச்சு கிடையாது, எம்ஆர்ஐயோடு பார்த்தால் செலவும் ரொம்பக் குறைவு. தென்காசியிலோ வள்ளியூரிலோ டாப்ளர் எடுக்க ஆள் இருக்கும்போது அதை விட்டுவிட்டு எம்ஆர்ஐக்காகப் பாளை வரைக்கும் வீங்கின காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு பஸ்ஸில் வருவதில் அர்த்தமில்லை.

டாப்ளருக்கும் முன்னால் டாக்டர் செய்கிற ஒரு கணக்கு இருக்கிறது, வெல்ஸ் மதிப்பெண் என்பார்கள். அதில் ஒரு பகுதியை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். தையல்கார டேப் ஒன்று எடுங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே முன்பக்கம் எலும்பு ஒரு முடிச்சு மாதிரித் தட்டுப்படும். அங்கிருந்து 10 செ.மீ. கீழே இறங்கிக் கெண்டைக்காலைச் சுற்றி அளங்கள், மற்ற காலையும் அதே இடத்தில் அளங்கள். வித்தியாசம் 3 செ.மீ.க்கு மேல் இருந்தால் அது ஒரு புள்ளி. மூன்று நாளுக்கு மேல் படுக்கையில் கிடந்தது, கடந்த 12 வாரத்துக்குள் பெரிய ஆபரேஷன், புற்றுநோய் சிகிச்சை, முன்பே ஒருதடவை ரத்தம் கட்டியது, இவற்றுக்கெல்லாம் புள்ளி உண்டு. இதை வைத்து நீங்களே முடிவு கட்டச் சொல்லவில்லை. அளந்த எண்ணைச் சீட்டின் பின்னால் குறித்துக்கொண்டு போங்கள் என்கிறேன். 'வீக்கம் இருக்கு சார்' என்பதற்கும் 'நாலு சென்டிமீட்டர் வித்தியாசம், வெள்ளிக்கிழமை ரெண்டுதான் இருந்துச்சு' என்பதற்கும் உள்ள தூரம் பெரிது.

டி-டைமர் என்று ஒரு ரத்தப் பரிசோதனையும் எழுதுவார்கள். சந்தேகம் குறைவாக இருந்து அதுவும் நெகட்டிவ் என்று வந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். பாசிட்டிவ் என்று வந்தால் கட்டி இருக்கிறது என்று அர்த்தமில்லை. கர்ப்பம், வயசு, காய்ச்சல், சமீபத்தில் நடந்த ஆபரேஷன், எல்லாமே அதை ஏற்றிவிடும். ரிப்போர்ட்டில் எண் தடித்த எழுத்தில் இருக்கிறதே என்று அழுதுகொண்டு வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

அப்போ எம்ஆர்ஐ எதற்கு

டாப்ளரின் கண் எட்டாத இடம் ஒன்று இருக்கிறது, இடுப்புக்குழி. தொடை இடுக்குக்கு மேலே சிரை வயிற்றுக்குள் ஆழமாகப் போய்விடும், அங்கே அமுக்கிப் பார்க்க முடியாது, குடலில் இருக்கிற காற்றும் மறைத்துக்கொள்ளும். கால் முழுக்க, தொடை வரை வீங்கியிருக்கிறது, ஆனால் டாப்ளரில் முழங்காலும் தொடையும் சுத்தமாக இருக்கிறது என்றால் அடைப்பு இடுப்பில் இருக்கலாம். அங்கேதான் எம்ஆர் வெனோகிராம், அதாவது சிரைகளைப் படமெடுக்கிற எம்ஆர்ஐ, வேலைக்கு வருகிறது.

கர்ப்பிணிகளுக்கு இது இன்னும் முக்கியம். வயிற்றுப்பிள்ளையின் பாரம் சேர்ந்து, ரத்தமும் அந்தச் சமயத்தில் சீக்கிரம் உறையும் தன்மைக்கு மாறியிருப்பதால் அவர்களுக்கு இடுப்புச் சிரையிலேயே கட்டுவது உண்டு. பெரும்பாலும் இடது காலில். ஏன் இடது என்றால், இடுப்பில் இடப்பக்கச் சிரையின் மேல் வலப்பக்கத் தமனி குறுக்கே ஏறிப் படுத்திருக்கும், முதுகெலும்பு ஒரு பக்கம், தமனி ஒரு பக்கம், நடுவில் சிரை நசுங்கும். கர்ப்பம் இல்லாத சிலருக்கும் இந்த நசுக்கல் பலமாக இருக்கும், அதற்கு மே-தர்னர் என்று பெயர். இடது காலிலேயே திரும்பத் திரும்ப வீக்கம் வருகிற இளம்பெண்களுக்கு டாக்டர் இடுப்பைப் பார்க்கச் சொன்னால் காரணம் இதுதான். சிடி ஸ்கேனிலும் இடுப்புச் சிரையைப் பார்க்கலாம், ஆனால் அதில் எக்ஸ்ரே கதிரும் அயோடின் மருந்தும் உண்டு. எம்ஆர்ஐயில் எக்ஸ்ரே இல்லை. கர்ப்பிணிகளுக்குக் கடோலினியம் என்கிற சாய மருந்தும் போடாமல், ஓடுகிற ரத்தத்தை மட்டும் வெளிச்சமாகக் காட்டுகிற முறையில் எடுப்போம்.

இன்னொரு இடம், எனக்குப் பிடித்த இடம், பழைய கட்டியா புதிய கட்டியா என்கிற கேள்வி. ரெண்டு வருஷம் முன்னால் கட்டி, மாத்திரை சாப்பிட்டு, சரியாகி, இப்போது அதே காலில் மறுபடி வீக்கம். டாப்ளரில் சிரை அமுங்கவில்லை. ஆனால் பழைய தழும்பு இருந்தாலும் அமுங்காதே! என்ன செய்வது? புதிதாக உறைந்த ரத்தத்தில் சிவப்பணுவில் இருக்கிற ஹீமோகுளோபின் சில நாளில் மெத்-ஹீமோகுளோபினாக மாறும். கொழுப்பின் வெளிச்சத்தை அணைத்துவிட்டு டி1 என்கிற எம்ஆர்ஐ முறையில் படமெடுத்தால் அந்தப் பொருள் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும், கறுத்த தசை நடுவில் சுண்ணாம்புக் கோடு இழுத்த மாதிரி. சுமார் ஆறு மாதத்துக்குள் அந்த வெள்ளை அடங்கிப்போகும். ஆக, வெள்ளை இருந்தால் கட்டி புதுசு, சிகிச்சையைத் திரும்பத் தொடங்க வேண்டும். சாயம் வேண்டாம், ஊசி வேண்டாம். இந்த முறை எல்லா சென்டரிலும் வழக்கத்தில் இல்லை. புக் பண்ணும்போதே கேட்டுவிடுங்கள்.

மாவுக்கட்டு போட்ட கால், உடம்பு மிகப் பருத்து டாப்ளர் எட்டாதவர்கள், இவர்களுக்கும் எம்ஆர்ஐ உதவும். மற்றபடி, டாப்ளரிலேயே தொடையில் கட்டி தெளிவாகத் தெரிந்துவிட்டால் பெரும்பாலும் எம்ஆர்ஐ தேவைப்படாது. அப்புறமும் எழுதியிருந்தால் 'இதில் புதிதாக என்ன தெரியப்போகிறது சார்' என்று மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்

எங்களிடம் வருகிற சீட்டில் பாதி 'எம்ஆர்ஐ லெக்' என்று இரண்டே வார்த்தை. அதை வைத்துக்கொண்டு நான் என்ன எடுக்க? தசைக்கு எடுப்பது வேறு, எலும்புக்கு எடுப்பது வேறு, சிரைக்கு எடுப்பது வேறு. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இப்படி ஒரு சீட்டு வந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்து அனுப்பினோம், கட்டி இல்லை என்று ரிப்போர்ட் போனது, நான்கு நாள் கழித்து அந்தம்மாவைத் திரும்பக் கூட்டி வந்தார்கள், அடைப்பு இடுப்பில் இருந்தது. நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. இன்றைக்கும் உறுத்துகிறது.

சீட்டில் இருக்க வேண்டியது: எம்ஆர் வெனோகிராம் என்ற சொல், எந்தப் பக்கம், எங்கிருந்து எதுவரை (இடுப்பு முதல் கணுக்கால் வரையா, இடுப்பு மட்டுமா), வீக்கம் எத்தனை நாள், முன்பு கட்டியிருக்கிறதா, சாயம் வேண்டுமா வேண்டாமா. எழுதாமல் விட்டிருந்தால் டாக்டரிடம் திருப்பிக் கொடுத்து எழுதி வாங்குங்கள். பழைய டாப்ளர் ரிப்போர்ட் கண்டிப்பாகக் கையில் இருக்க வேண்டும். சாயம் போடுவதென்றால் கிரியாட்டினின் (கிட்னியின் நிலையைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனை) பார்த்த சீட்டும் வேண்டும். கிட்னி மிகவும் பழுதானவர்களுக்குச் சில வகைக் கடோலினியம் ஆகாது. சுகர்காரர்கள் இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

மெட்டி, ஊக்கு, அரைஞாண்

எங்கள் மெஷினின் காந்த பலம் 1.5 டெஸ்லா. பூமியின் காந்தத்தைப் போல ஏறக்குறைய 30,000 மடங்கு. ஸ்கேன் ஓடாதபோதும் காந்தம் ஓடிக்கொண்டேதான் இருக்கும், சுவிட்சை அணைத்து வைக்கிற சமாச்சாரம் இல்லை. 2018 ஜனவரியில் மும்பையில் உறவினருக்குத் துணையாக வந்த ஒருவர் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு உள்ளே போய், இழுபட்டு, செத்தே போனார். அதனால் கதவருகே நாங்கள் கறாராகக் கத்தினால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, மூளையில் கிளிப், இவை இருந்தால் புக் பண்ணும்போதே சொல்ல வேண்டும். வெல்டிங், கிரைண்டிங், லேத் வேலை செய்கிறவர்கள் கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் பட்டதா என்று யோசித்துச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவோம். பைக் விபத்தில் காலில் ராடு வைத்தவர்களைப் பெரும்பாலும் ஸ்கேன் பண்ணலாம், ஆனால் ராடைச் சுற்றிப் படம் கலங்கிப்போகும், அந்த இடத்துச் சிரை தெரியாது.

பெண்களுக்கு நம்ம ஊரில் பெரிய பிரச்சனை தாலி இல்லை, தாலியில் கோத்திருக்கிற ஊக்கு. தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஊக்கை இழுக்கும். 'எல்லாம் கழட்டிட்டேன்' என்று சொல்லிவிட்டு வருகிறவர்களிடம் குறைந்தது இரண்டு ஊக்கு இருக்கும், கொண்டையில் ஊசி இருக்கும். ஆம்பிளைகளுக்கு அரைஞாண் கயிற்றில் தாயத்து. ஜரிகைச் சேலையும் ஆகாது, கவுன் தருவோம்.

ஆனால் இந்தக் குறிப்பிட்ட ஸ்கேனில் வில்லன் மெட்டிதான். கால் வீங்கியிருக்கிறதே, எப்படிக் கழற்றுவது? முக்கூடல் பக்கத்திலிருந்து பீடி சுற்றுகிற ஒரு ஆச்சி வந்தார், காலை நீட்டிச் சுளகை மடியில் வைத்தபடி நாள் முழுக்க உட்கார்ந்த உடம்பு. மெட்டி விரலுக்குள் புதைந்து கிடந்தது. "எய்யா, நாப்பது வருசமா கழட்டலய்யா, அவுக இருக்கையில கழட்டச் சொல்லுதியே" என்று கண் கலங்கிவிட்டார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தாத்தாவையே உள்ளே கூப்பிட்டேன். அவர்தான் கழற்றினார். கால்மணி நேரம் தலையணையில் காலை உயர்த்தி வைத்து, தையல் நூலை மெட்டிக்கு அடியில் செருகி, மெட்டியிலிருந்து நகம் வரை நெருக்கமாகச் சுற்றி, தேங்காயெண்ணெய் தடவி, அடிப்பக்க நூல் முனையைப் பிடித்துச் சுற்றுச் சுற்றாகப் பிரிக்கப் பிரிக்க மெட்டி தானாக நகர்ந்து வந்தது. "போயிட்டு வா, திரும்ப நானே போட்டு விடுதேன்" என்றார் தாத்தா, மெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு. இந்த நூல் வித்தையை முந்தின நாள் இரவே வீட்டில் செய்துவிட்டு வாருங்கள். வரவில்லை என்றால் வெட்டத்தான் வேண்டும், வெள்ளியை அதன்பிறகு ஊதிச் சேர்த்துக்கொள்ளலாம்.

உள்ளே போனதும்

நல்ல சேதி: காலுக்கும் இடுப்புக்கும் எடுக்கும்போது பெரும்பாலும் கால்தான் முதலில் குழாய்க்குள் போகும், தலை வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும். மூச்சு முட்டுமோ என்று பயப்படுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டால் பாதி பயம் தீரும். முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிஷம் ஆகும். சத்தம் கோவில் கொடை மேளம் மாதிரி இருக்கும், காதுக்குப் பஞ்சோ ஹெட்போனோ கேட்டு வாங்குங்கள். கையில் ஒரு ரப்பர் பந்து தருவோம், முடியவில்லை என்றால் அமுக்கினால் போதும். முன்னாடியே ஒண்ணுக்குப் போய்விட்டு வந்துவிடுங்கள். இதைச் சொல்ல வெட்கப்பட்டுப் பாதியில் எழுந்தவர்கள் எத்தனை பேர்!

இரண்டு கெண்டைக்காலும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவில் துணி வைப்போம். தோலும் தோலும் தொட்டால் மின்னோட்டம் சுற்றிச் சூடு பிடிக்கும். எங்காவது சுடுவது போலிருந்தால் உடனே சொல்லுங்கள், பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டாம். காலை ஆட்டக் கூடாது. இடுப்பு எடுக்கும்போது மூச்சை நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள், சொன்ன கணத்தில் மட்டும். மாதம் ஏறிய கர்ப்பிணிகள் மல்லாந்து படுத்தால் தலை சுற்றும், இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைக்கச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும்

ரிப்போர்ட்டை டாக்டர்தான் படிக்க வேண்டும், ஆனால் நீங்கள் எப்படியும் செல்போனில் தேடிப் பார்ப்பீர்கள், அதனால் ஒரு கண்ணியைச் சொல்லிவிடுகிறேன். 'சூப்பர்ஃபிஷியல் ஃபெமோரல் வெயின்' என்று எழுதியிருந்தால், சூப்பர்ஃபிஷியல் என்றால் மேலோட்டமானது, ஆகவே பயமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பெயர்தான் அப்படி. அது ஆழ்சிரை. அதில் கட்டி இருந்தால் அது ஆழ்சிரை ரத்தக்கட்டுதான், மருந்து தேவை. இந்தப் பெயரால் ஏமாந்தவர்கள் நிறைய என்பதால் இப்போது அதை வெறும் ஃபெமோரல் வெயின் என்றே எழுதச் சொல்கிறார்கள், எல்லாரும் மாறவில்லை.

'ஃபில்லிங் டிஃபெக்ட்' என்றால் ரத்தம் நிரம்ப வேண்டிய இடத்தில் ஏதோ அடைத்திருக்கிறது. 'கொலாட்டரல்' என்றால் வழி அடைபட்டு, ரத்தம் பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிப் போகத் தொடங்கிவிட்டது. எம்ஆர்ஐயும் பொய் சொல்லும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்: சாயமில்லாத முறையில், ரத்தம் ரொம்ப மெதுவாக ஓடினாலோ, குழாய் படத்தின் தளத்திலேயே படுத்து ஓடினாலோ அங்கே கறுத்துப்போய்க் கட்டி மாதிரியே தெரியும். அதனால் ஃபிலிமை மட்டும் வாங்காதீர்கள், எல்லாப் படமும் உள்ள சிடியைக் கேட்டு வாங்குங்கள். இன்னொரு டாக்டர் பார்க்க நேர்ந்தால் வரிசைப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்.

ஊசிக்காக ஸ்கேன் வரை காத்திருக்க வேண்டாம். சந்தேகம் பலமாக இருந்தால் டாக்டர்கள் ரத்தம் மேலும் உறையாமல் தடுக்கிற ஹெப்பாரின் வகை ஊசியை முதலிலேயே தொடங்கிவிடுவார்கள், ஸ்கேன் நாளைக்கு என்றாலும் சரி. 'ஸ்கேன் பாத்துட்டு ஊசி போட்டுக்கிடுதோம்' என்று தள்ளிப்போடாதீர்கள். ரத்தம் கட்டியது உறுதியானால் மருந்து குறைந்தது மூன்று மாதம். நடுவில் வீக்கம் வடிந்ததும் நிறுத்துகிறவர்கள்தான் எங்களிடம் 'பழசா புதுசா' ஸ்கேனுக்குத் திரும்பி வருகிறார்கள்.

காத்திருக்கிற நேரத்தில் திடீரென்று மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுத்தால் நெஞ்சு குத்தினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, மயக்கம் வந்தாலோ ஸ்கேன் அப்பாயின்ட்மென்ட்டை மறந்துவிடுங்கள். 108. பாளை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவோ, பக்கத்தில் எது பெரிய ஆஸ்பத்திரியோ அங்கே.

செலவு சென்டருக்குச் சென்டர் மாறும், அரசு ஆஸ்பத்திரியில் வெளியைவிடக் குறைவு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் அதன் கவுண்டரில் முன்கூட்டியே கேட்டு ஒப்புதல் வாங்க வேண்டும், எடுத்துவிட்டு வந்து கேட்டால் கிடைக்காது. அட்டை, ஆதார், பழைய ரிப்போர்ட், டாப்ளர் ஃபிலிம், கிரியாட்டினின் சீட்டு எல்லாவற்றையும் ஒரே மஞ்சப்பையில் போட்டு, கூட வருகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள். மெட்டியையும்.